பிளாஸ்மா பட்ட விதை வறட்சியையும் உப்பையும் தாங்குமா? கருவி வாங்கலாமா?

கேள்வியைப் பார்த்தால் யாரோ உங்களிடம் கருவி விற்க வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. உங்களுடையது மானாவாரி நிலம், கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் கரிக்கும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். இதை ஒரே வார்த்தையில் 'மோசடி' என்று தள்ளுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதனால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

நான் வேளாண்மை படித்தவன் இல்லை, இயற்பியல். ஒரு கல்லூரியில் பிளாஸ்மா ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருந்தேன். கருவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு உலோகத் தகடு, நடுவில் ஒரு கண்ணாடித் தட்டு, சில ஆயிரம் வோல்ட் மாறுமின்னோட்டம். இடையில் இருக்கும் காற்று மின்சாரம் பட்டு ஊதா நிறத்தில் ஒளிரும், அந்த ஒளிரும் காற்றுதான் பிளாஸ்மா. அறை முழுக்க ஓசோன் நெடி அடிக்கும். 1857இல் சீமென்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஓசோன் தயாரிக்கச் செய்த குழாயிலும் இதே தத்துவம்தான். நேற்று வந்த மாயவித்தை இல்லை.

பாசிப்பயறை அதில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவோம். சாதா விதையில் முத்துப்போல நிற்கும் சொட்டு, இதில் படர்ந்துவிடும். அப்புறம் இரண்டையும் உப்புத் தண்ணீரில் நனைத்த வடிதாளில் பரப்பி வைத்தோம். பிளாஸ்மா பட்டதுதான் முதலில் வேர் விட்டது, வேரும் நீளம். தண்ணீரை வேகமாக இழுப்பது ஒரு காரணம். இன்னொன்று, அந்த ஒளிர்வில் உண்டாகும் ஆக்சிஜன், நைட்ரஜன் வினைப்பொருள்கள் விதையை லேசாகச் சீண்டிவிடுகின்றன. கேட்டலேஸ் மாதிரி தற்காப்பு நொதிகள் முன்கூட்டியே கூடிவிடும். தோல்மேல் ஒட்டியிருக்கும் பூஞ்சையும் ஓரளவு சாகும். ஆனால் வேண்டுமென்றே அதிக நேரம் வைத்துப் பார்த்த தட்டில் பாதி விதை முளைக்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்பது பயிருக்குப் பயிர், ரகத்துக்கு ரகம் மாறும்.

தொட்டி மண்ணில் போட்டபோது இந்த வித்தியாசம் நன்றாகவே சுருங்கிவிட்டது. அதை ஆய்வு முடிவுகளைக் காட்டும் போஸ்டரில் சின்ன எழுத்தில் போட்டார்கள். ராத்திரி உட்கார்ந்து விதை எண்ணிய எங்கள் பெயரை அந்தச் சின்ன எழுத்தில்கூடப் போடவில்லை. உதவித்தொகையும் மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் வரும். சரி, அது வேறு கதை.

ஆக, முளைக்கும்போதும் நாற்றுப் பருவத்திலும் கைகொடுக்கும். அறுவடைவரை வறட்சி தாங்கும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். இது ரகத்தையே மாற்றிவிடாது. களர் நிலத்தில் நெல் என்றால் முதலில் திருச்சி 3 போன்ற ரகத்தைத் தேடுங்கள். வறட்சிக்கு என்றால், புழுதி விதைப்பு நெல்லை 1 சதவீத பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைக்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. அதற்கு ஒரு வாளி போதும். பிளாஸ்மாவில் வேலை பார்த்துவிட்டு வாளியைக் காட்டுகிறானே என்று கேட்பீர்கள். கேளுங்கள், உங்கள் பணத்துக்கு இப்போதைக்கு வாளிதான் சரி.

அப்படியும் ஆசை இருந்தால், உங்கள் வீட்டு விதையையே எடுத்துப் போங்கள். பாதியைக் கருவியில் வைத்து, பாதியைச் சும்மா விட்டு, இரண்டையும் உங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே முளைக்கப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.