பாட்ஸ்வில் மரூன்ஸ்: கரி ஊரின் அணியும் 1925 பட்டமும் (கேள்வி பதில்)

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், 1920-களில் பாட்ஸ்வில் என்ற நிலக்கரி ஊருக்கு ஒரு தொழில்முறை அமெரிக்கன் ஃபுட்பால் அணி இருந்தது. அதைப் பற்றி நண்பர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை. இந்த அணி மேல் எனக்குப் பல வருடப் பற்று. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: அண்ணா, எனக்கு இந்த ஆட்டமே அவ்வளவாகத் தெரியாது. 1925-ல் ஃபைனல் யாருக்கும் யாருக்கும் நடந்தது?

பதில்: ஃபைனலே கிடையாது தம்பி. எல்லாச் சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. என்.எஃப்.எல். என்ற தேசிய ஃபுட்பால் லீக்கில் 1933 முதல்தான் வருடாவருடம் இறுதி ஆட்டம் வைத்தார்கள். அதற்கு முன்பு வெற்றி சதவீதம் யாருக்கு அதிகமோ அவருக்குப் பட்டம். டிரா ஆன ஆட்டத்தைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். யாரோடு எத்தனை ஆட்டம் என்பதை அணிகளே பேசி முடிவு செய்துகொண்டன. சீசன் முடிகிற நேரத்தில்கூட ஒரு அணி இன்னும் இரண்டு ஆட்டம் சேர்த்துக்கொள்ளலாம். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் வேண்டியிருக்கும்.

கேள்வி: சின்ன ஊர் என்கிறீர்கள். பெரிய லீக்கில் எப்படி இடம் கிடைத்தது?

பதில்: அப்போது ஊரில் சுமார் 22 ஆயிரம் பேர். சுற்றிலும் ஆந்த்ரசைட் என்னும் கெட்டி நிலக்கரிச் சுரங்கங்கள். அக்கம்பக்கத்துச் சுரங்க ஊர்களுக்குள் ஒரு லீக் நடந்தது. 1924-ல் அதை ஜெயித்தது பாட்ஸ்வில். அணியின் உரிமையாளர் ஜான் ஸ்ட்ரீகல் உள்ளூர் டாக்டர். ஜெர்சி வாங்கும்போது நிறம் எதுவானாலும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஜோ சாக்கோ மூலமாக வந்தவை மரூன் நிறத்தில் இருந்தன, அதுவே பெயராகிவிட்டது.

1925-ல் என்.எஃப்.எல். கதவு திறந்ததற்கு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு காரணம். ஃபிலடெல்ஃபியாவில் ஞாயிறன்று ஆட்டம் நடத்தச் சட்டம் விடாது. அதனால் அங்கிருந்த ஃபிராங்க்ஃபோர்ட் யெல்லோ ஜாக்கெட்ஸ் அணி உள்ளூர் ஆட்டங்களைச் சனிக்கிழமையில் வைத்துக்கொண்டது. சுரங்க ஊர்களில் அந்தச் சட்டத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூரத்திலிருந்து வரும் அணி சனிக்கிழமை ஃபிராங்க்ஃபோர்டோடு ஆடிவிட்டு, ஞாயிறு பாட்ஸ்வில்லோடு ஆடலாம். ஒரே ரயில் செலவில் இரண்டு நாள் வசூல்!

கேள்வி: சுரங்கத் தொழிலாளிகளே ஆடினார்களா?

பதில்: பெரும்பாலோர் கல்லூரி அணிகளில் ஆடிப் பெயர் வாங்கியவர்கள். சார்லி பெர்ரி பேஸ்பாலும் ஆடியவர், பிற்காலத்தில் அந்த ஆட்டத்தில் பேர்பெற்ற அம்பயர்.

ஆனால் டோனி லட்டோன் அசல் சுரங்கத் தொழிலாளி. லிதுவேனியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா இறந்ததும் 11 வயதில் சுரங்கத்துக்குப் போனவர், கல்லூரி வாசலையே மிதித்ததில்லை. கரி நிரம்பிய வண்டிகளைத் தள்ளித் தள்ளித்தான் அவர் கால்களுக்கு அப்படி ஒரு பலம் வந்தது என்று அந்த ஊரில் சொல்வார்கள். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்து எதிரணி வரிசைக்குள் பாய்வார். ஒருவர் பிடித்தால் நிற்க மாட்டார். கேலரியில் இருந்தவர்களுக்கு அவர் தங்கள் வீட்டுப் பிள்ளை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1925 செப்டம்பரில் ஆந்த்ரசைட் தொழிலாளர்கள் ஒன்றரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முடிந்தது 1926 பிப்ரவரியில். அணியின் மிகச் சிறந்த சீசன் முழுக்க அந்தப் பகுதியில் கூலி கிடையாது. அந்த நிலையிலும் ஜனங்கள் மைதானத்துக்கு வந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கனக்கும்.

கேள்வி: நேராகக் கேட்கிறேன் சார். 1925 பட்டம் யாருக்குச் சேர வேண்டியது?

பதில்: என்னைக் கேட்டால் பாட்ஸ்வில்லுக்கு. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டிசம்பர் 6, சிகாகோ கொமிஸ்கி பார்க். முதலிடத்துக்குப் போட்டியிட்ட இரண்டு அணிகளும் நேருக்கு நேர். பாட்ஸ்வில் 21, சிகாகோ கார்டினல்ஸ் 7. அதோடு பாட்ஸ்வில்லுக்கு 10 வெற்றி, 2 தோல்வி. கார்டினல்ஸுக்கு 9 வெற்றி, 2 தோல்வி, ஒரு டிரா.

கார்டினல்ஸ் அவசரமாக இரண்டு ஆட்டம் சேர்த்துக்கொண்டது. ஒன்று மில்வாக்கி அணியோடு. அந்த அணி சீசனை முடித்து ஏற்கெனவே கலைந்துபோயிருந்தது. ஆள் பற்றாமல் சிகாகோ பள்ளி மாணவர்கள் நாலு பேரை இறக்கினார்கள், கார்டினல்ஸ் 50 புள்ளிகளுக்கு மேல் எடுத்து ஜெயித்தது. மற்றது ஹேமண்ட் அணியோடு, அதிலும் வெற்றி. இப்போது 11-க்கு 2, அதாவது 84.6 சதவீதம். பாட்ஸ்வில் 83.3.

பள்ளி மாணவர்கள் விஷயம் வெளியே வந்ததும் அபராதம் விழுந்தது, மில்வாக்கி உரிமையாளர் அணியையே விற்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்த ஆட்டத்தின் முடிவை மட்டும் பதிவிலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் கார்டினல்ஸுக்கு 10 வெற்றி, 2 தோல்வி. இரண்டு அணிகளும் சரிசமம். நேருக்கு நேர் ஜெயித்தது யார் என்பது ஊருக்கே தெரியும்.

கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓ'பிரையன் பட்டத்தை ஏற்க மறுத்துவிட்டார். அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை. பின்னால் அணியை வாங்கிய பிட்வில் குடும்பம்தான் அதை உரிமை கொண்டாடியது.

கேள்வி: ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்களே ஐயா. பாட்ஸ்வில் விதியை மீறியதால்தானே இடைநீக்கம் செய்தார்கள்?

பதில்: மீறியது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. டிசம்பர் 12 அன்று ஃபிலடெல்ஃபியா ஷைப் பார்க்கில், நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் நட்சத்திரங்களோடு பாட்ஸ்வில் ஆடியது. 'நான்கு குதிரைவீரர்கள்' என்று நாடே கொண்டாடிய நான்கு ஆட்டக்காரர்களும் இருந்த அணி அது. ஆனால் ஃபிலடெல்ஃபியா ஃபிராங்க்ஃபோர்டின் எல்லை, அங்கே வேறு லீக் அணி போய் ஆடக்கூடாது. அதே நாளில் ஃபிராங்க்ஃபோர்டுக்கும் ஊரில் ஆட்டம் இருந்தது. லீக் தலைவர் ஜோ கார் முன்கூட்டியே எச்சரித்தார். லீக் அலுவலகம் போனில் சம்மதித்தது என்றார் ஸ்ட்ரீகல். எழுத்தில் எதுவும் இல்லை.

தண்டனை கொடுத்தது நியாயம். அபராதம் போட்டிருக்கலாம். மைதானத்தில் ஜெயித்ததையே பிடுங்கியது என் மனசுக்கு ஒப்பவில்லை. அதுவும் தொழில்முறை அணிகள் கல்லூரி அணிகளுக்கு நிகராகாது என்று பலர் நம்பிய காலம். கடைசி நேரத்தில் பெர்ரி பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுத்த ஃபீல்டு கோலில் பாட்ஸ்வில் 9-7 என்று ஜெயித்தது. அந்த வெற்றி லீக்குக்கே மதிப்பைக் கூட்டிய வெற்றி.

கேள்வி: அப்புறம் ஏன் அணி காணாமல் போனது?

பதில்: 1926-ல் ரெட் கிரேஞ்ச் என்ற பெரிய நட்சத்திரத்தை வைத்து ஒரு போட்டி லீக் கிளம்பியது. பாட்ஸ்வில் அந்தப் பக்கம் போய்விடக்கூடாதே என்று என்.எஃப்.எல். திரும்பச் சேர்த்துக்கொண்டது. அந்த வருடம் 10 வெற்றி, 2 தோல்வி, 2 டிரா. 1927-ல் 5 வெற்றி, 8 தோல்வி. 1928-ல் இரண்டே வெற்றி. 1929-ல் அணி பாஸ்டனுக்குப் போய் புல்டாக்ஸ் என்று பெயர் மாறியது, அந்த ஒரு சீசனோடு மூடப்பட்டது.

நல்ல ஆட்டக்காரர்களுக்கு வயதாகிவிட்டது. லீக்கும் சின்ன ஊர்களை விட்டுப் பெரிய நகரங்கள் பக்கம் சாய்ந்தது. எல்லாவற்றுக்கும் மேல் கரி விற்கவில்லை. நீண்ட வேலைநிறுத்தத்தின்போது வேறு எரிபொருளுக்கு மாறிய வீடுகளில் பல திரும்பி வரவில்லை. ஊரில் காசு இல்லாதபோது டிக்கெட்டை யார் வாங்குவது?

கேள்வி: பட்டத்தைத் திரும்பக் கேட்கவே இல்லையா?

பதில்: கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜெர்சி வரவழைத்த அதே ஜோ சாக்கோ பல ஆண்டுகள் இதற்காகப் போராடினார். 1963-ல் என்.எஃப்.எல். மறுத்தது. 2003-ல் மாநில ஆளுநர் எட் ரெண்டல் வரை பரிந்து பேசினார்கள். லீக் அணிகளின் ஓட்டெடுப்பில் கோரிக்கை 30-க்கு 2 என்று தோற்றது. ஆதரவாக விழுந்த அந்த இரண்டு ஓட்டும் பென்சில்வேனியா அணிகளான ஈகிள்ஸ், ஸ்டீலர்ஸ் போட்டவை.

லீக் கொடுக்காத கோப்பையைப் பழைய ஆட்டக்காரர்கள் தாங்களே செய்துகொண்டார்கள். ஆந்த்ரசைட் கரியை ஃபுட்பால் வடிவத்தில் செதுக்கிய கோப்பை அது. ஒஹையோவில் கேண்டன் நகரில் இருக்கும் ஹால் ஆஃப் ஃபேம் என்ற ஃபுட்பால் அருங்காட்சியகத்துக்கு அதைக் கொடுத்தார்கள்.