தன்விருப்பத்தையும் சுயகட்டுப்பாட்டையும் சேர்த்துச் சொல்லும் பழைய கிரேக்கச் சொல் உண்டா?

உண்டு. என் தேர்வு ‘புரோஹைரெசிஸ்’. ‘ஹைரெசிஸ்’ என்றால் தேர்ந்துகொள்வது. ‘புரோ’ என்றால் முன். மற்றவற்றைத் தள்ளிவிட்டு ஒன்றை முதன்மையாகக் கொள்வது.

வெறும் ஆசைக்கு இந்தப் பெயர் பொருந்தாது என்பதில் அரிஸ்டாட்டில் கண்டிப்பானவர். சாகாமல் வாழ ஆசைப்படலாம், அதைத் தேர்ந்துகொள்ள முடியுமா? குழந்தையும் விலங்கும் தாமாகவே செயல்படுகின்றன. ஆனாலும் யோசித்து எடுக்கும் இந்த முடிவு அவற்றுக்கு இல்லை என்கிறார்.

சொல்லுக்கு முழு வலிமையைத் தந்தவர் எபிக்டெட்டஸ். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். விடுதலை பெற்றுத் தத்துவம் கற்பித்தார். பேரரசர் டொமிஷியன் தத்துவவாதிகளைத் துரத்தியபோது கிரேக்கத்தின் நிக்கோபொலிஸுக்குப் போய் அங்கே பள்ளி நடத்தினார். அவர் பேசியதை மாணவர் அர்ரியன் எழுதிவைத்தார். அதில் ஓர் இடம்: உன்னை விலங்கிடுவேன் என்று மிரட்டுகிறவனிடம், நீ விலங்கிடுவது என் காலுக்குத்தான், என் புரோஹைரெசிஸைக் கடவுள்களின் அரசனான ஜீயஸாலும் வெல்ல முடியாது என்கிறார். அடிமையாக வாழ்ந்தவரின் வாயிலிருந்து வருவதால் இதை என்னால் வெறும் வாய்ச்சொல்லாகப் படிக்க முடிவதில்லை.

சுயகட்டுப்பாட்டை மட்டும் சொல்ல ‘என்கிராட்டீயா’ இருக்கிறது. ‘கிராடோஸ்’ என்றால் வலிமை, ஆட்சி. தன்மீது தனக்கு ஆட்சி இருப்பது. அது இல்லாத நிலை ‘அக்ராசியா’. நல்லது எது என்று தெரிந்தும் செய்யாதவனை, நல்ல சட்டங்களை இயற்றிவிட்டு அவற்றைப் பயன்படுத்தாத நகரத்துக்கு ஒப்பிடுகிறார் அரிஸ்டாட்டில். எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த பிறகும் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டேன். கூடாது என்று தெரியும், யாரும் வற்புறுத்தவில்லை. வீடு திரும்பி அந்த வரியைப் படித்தபோது முகம் சுட்டது.

அதற்குப் பிறகு இனிப்பைத் தொடவில்லை. ஆனால் கடை வாசலில் நெய் வாசனை வந்தால் நாக்கு இன்னும் ஊறுகிறது. தவறான ஆசையே எழாதவனிடம் இருப்பது ‘சோஃப்ரோசினே’; ஆசை எழுந்தும் அதற்கு இணங்காதவனிடம் இருப்பது என்கிராட்டீயா. அரிஸ்டாட்டில் முன்னதையே உயர்வாக வைக்கிறார். என்னிடம் இப்போது இருப்பது பின்னது.