விழாப் பரபரப்பில் செபத்துக்கு இடம்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். பிள்ளைகளுக்கு வயது 8, 13. புத்தாடை, பரிசு, விருந்தினர் என்றே டிசம்பர் கழிகிறது. 25ஆம் தேதி மாலையே எல்லாம் முடிந்துவிட்டதுபோல் இருக்கிறது. மூத்தவன் குடும்ப செபம் என்றாலே எழுந்து போய்விடுகிறான். இயேசுவை மையமாக வைத்து இவ்விழாவைக் கொண்டாட என்ன செய்யலாம்?

பதில்: ஏற்கெனவே நிரம்பி வழியும் மாதத்தில் புதிய பக்திமுயற்சிகளைச் சேர்க்க நான் சொல்லமாட்டேன். திருச்சபையின் வழிபாட்டு நாள்காட்டியையே வீட்டின் நாள்காட்டியாக ஏற்றுக்கொண்டால், உங்கள் சிக்கலில் பெரும்பகுதி தீரும். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் காத்திருப்பதற்கானது. கொண்டாட்டக் காலமோ 25ஆம் தேதிதான் தொடங்குகிறது. நாம் முன்கூட்டியே கொண்டாடித் தீர்த்துவிடுவதால்தான் அன்று மாலை வெறுமை தோன்றுகிறது.

மூத்தவனை நீண்ட செபத்தில் கட்டாயப்படுத்தி உட்கார வைப்பதைவிட, அவனிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள். டிசம்பர் 17 முதல் 24 காலை வரை திருப்பலியில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதிகள், மத்தேயு முதல் அதிகாரத்திலிருந்தும் லூக்கா முதல் அதிகாரத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை; யோசேப்பின் கனவு, செக்கரியா பேச்சிழந்தது, வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னது, மரியா எலிசபெத்தைச் சந்தித்தது என்று அவை தொடர்கதையாகவே நகர்கின்றன. அவற்றை அவனே வாசிக்கட்டும். பிறகு ஒரு சிறு செபம், அவ்வளவு போதும். 17ஆம் தேதிக்குரியது வாயில் நுழையாத பெயர்கள் நிறைந்த தலைமுறைப் பட்டியல். பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். அதைத் தாண்டிச் செல்லாதீர்கள், ஏனெனில் பாவிகளும் அந்நியரும் உள்ள ஒரு குடும்பத்தில்தான் ஆண்டவர் பிறந்தார் என்பதை அந்தப் பட்டியலே சொல்கிறது.

இளைய பிள்ளைக்கு, இயேசுவின் பிறப்பைக் காட்சியாக அமைக்கும் குடிலே சிறந்த மறைக்கல்வி. 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசியார் குடில் அமைத்தபோது, அங்கே வைக்கோல் நிரப்பிய தீவனத் தொட்டியும் காளையும் கழுதையும்தான் இருந்தன. அந்தத் தொட்டியின் மேல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. ஆகவே குடிலைப் பீடத்தோடு சேர்த்துப் பார்ப்பதே அதன் தொடக்கப் பொருள். உங்கள் குடிலிலும் தொட்டி காலியாக இருக்கட்டும். குழந்தை சொல்லிக் காட்டாமல் ஒரு நற்செயல் செய்யும்போது ஒரு வைக்கோல் துண்டை அதில் இடட்டும். இரவுத் திருப்பலியிலிருந்து திரும்பியபின் குழந்தை இயேசுவின் சுரூபத்தை அதில் கிடத்தும் உரிமையும் அந்தக் குழந்தைக்கே.

ஒப்புரவு அருட்சாதனத்தை, அதாவது பாவ அறிக்கையை, கடைசி நாள் நெரிசலுக்குத் தள்ளிவைக்காமல், திருவருகைக் காலத்தின் இரண்டாம் வாரத்திலேயே குடும்பமாகச் சென்றுவாருங்கள்.

25ஆம் தேதிக்குப் பின், இறைவனின் அன்னையாகிய மரியாவின் பெருவிழாவான ஜனவரி 1 வரை எண்கிழமை எனும் எட்டு நாள் கொண்டாட்டம் நீள்கிறது. இடையில் 26ஆம் தேதி, விசுவாசத்துக்காக உயிர்நீத்த முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவானின் விழாவும், 28ஆம் தேதி, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் விழாவும், எண்கிழமைக்குள் வரும் ஞாயிறன்று திருக்குடும்ப விழாவும் உண்டு. ஒவ்வொரு நாளும் குடில் முன் ஐந்து நிமிடம் கூடினால் போதும். பரிசுகளை நிறுத்தத் தேவையில்லை. ஒன்றை மட்டும் திருக்காட்சிப் பெருவிழாவுக்கு ஒதுக்கி, ஞானிகள் காணிக்கை கொண்டுவந்த நற்செய்தியை வாசித்தபின் கொடுங்கள். ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு இக்காலம் நிறைவுறுவதால், குடிலை அதுவரை பிரிக்க வேண்டாம்.