9.8 வராத பையன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆண்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் நடத்துகிறேன். வகுப்பில் நாற்பது பையன்கள், ஆய்வகத்தில் ஆறே ஸ்டாண்டுகள். நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டும் தனி ஊசல் சோதனை என்றாலே குண்டைச் சுழற்றி விளையாட்டு, கூச்சல். கடைசியில் புவியீர்ப்பு முடுக்கமான g-யின் மதிப்பு 9.8 வராதவர்களின் அட்டவணையை நானே திருத்திக் கொடுத்துவிடுகிறேன். இதற்குப் பதில் நல்ல காணொளி ஒன்றைப் போட்டுக் காட்டினால் என்ன?

ஓர் ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

காணொளி வேண்டாம். கூச்சலும் பெரிய விஷயமில்லை. ஒரு ஸ்டாண்டைச் சுற்றி ஏழு பேர் நின்றால் நான்கு பேருக்கு வேலையில்லை, குண்டைச் சுழற்றுவது அவர்கள்தான். ஊசலுக்கு ஸ்டாண்டே தேவையில்லை. ஜன்னல் கம்பியில் மரச்சட்டம் ஒன்றை அசையாமல் கட்டி, அதன் முனையில் இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே நூலை இறுக்கினால் போதும். ஆணியில் மட்டும் தொங்கவிடாதீர்கள். ஆடும்போது நூல் ஆணியைத் தழுவும், நீளம் ஓயாமல் மாறும்.

போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, 'நானே திருத்திக் கொடுத்துவிடுகிறேன்' என்று, அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இதைப் பற்றித்தான் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் செய்வது தவறு. அந்தப் பையனின் சோதனை தொடங்க வேண்டிய இடத்தில் அதை முடித்துவைக்கிறீர்கள்.

ஒருவனுக்கு 10.9 வருகிறதா? திருத்தாதீர்கள், அவன் எண்ணுவதைப் பக்கத்தில் நின்று கேளுங்கள். கடிகாரத்தை அழுத்தும்போதே 'ஒன்று' என்பான். 'பூஜ்யம்' என்று தொடங்கியிருக்க வேண்டும். இருபது அலைவு என்று அவன் எழுதியது உண்மையில் பத்தொன்பது. ஓர் அலைவுக்கான காலம் இருபதில் ஒரு பங்கு குறையும். g-யைக் கணக்கிடும்போது அதன் வர்க்கம் வருவதால் பிழை இரட்டிப்பாகும். இன்னொருவனுக்கு 9.5 வந்தால் குண்டை எவ்வளவு தூரம் இழுத்துவிட்டான் என்று பாருங்கள். 30 டிகிரி வீச்சில் அலைவுக் காலம் 1.7 சதவீதம் வரை கூடும். 10 டிகிரிக்குள் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு பிழை உண்டு, என் கண்ணுக்கு மிக அழகானது. பையன் நூலை மட்டும் அளப்பான், குண்டின் ஆரத்தை விட்டுவிடுவான். ஆரம் 1 செ.மீ. என்றால், நூல் 24 செ.மீ. இருக்கும்போது g 9.4 வரும், 99 செ.மீ. இருக்கும்போது 9.7 வரும். நீளம் கூடக் கூட மதிப்பு ஏறுகிறதே, ஏன்? இந்தக் கேள்விக்கு இடம் தராமல் எல்லா வரிசையிலும் 9.8 என்று எழுதவைத்துவிட்டீர்களே! நூல் நீளத்தைக் கிடையச்சிலும் அலைவுக் காலத்தின் வர்க்கத்தைக் குத்தச்சிலும் குறிக்கச் சொல்லுங்கள். நேர்கோடு வரும், ஆனால் ஆதிப்புள்ளி வழியாகப் போகாது. பின்னால் நீட்டினால் கிடையச்சை மைனஸ் 1 செ.மீ. அருகே வெட்டும். அவன் அளக்க மறந்த ஆரம் அதுதான். கோட்டின் சாய்வு கெடுவதில்லை, அதிலிருந்து சரியான g கிடைக்கும். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்துக் குண்டை அளக்கச் சொல்லுங்கள், அப்போது அவன் முகத்தைப் பாருங்கள்.

1672-ல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸிலிருந்து தென் அமெரிக்காவில் நடுக்கோட்டருகே உள்ள கயென் நகருக்குக் கொண்டுபோன ஊசல் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஒரு பக்கம் போக ஒரு நொடி எடுக்கும் நொடி ஊசலை ஏறக்குறைய 3 மி.மீ. குறைக்க வேண்டியிருந்தது. பாரிஸ் அளவுதான் சரி என்று அவர் குறிப்பேட்டைத் திருத்தவில்லை. பூமி நடுக்கோட்டருகே புடைத்திருக்கிறது என்று வாதிட நியூட்டனுக்கு அந்த அளவு உதவியது.

உங்கள் நாற்பது பேரையும் மும்மூன்று பேராகப் பிரியுங்கள், மிஞ்சும் ஒருவன் ஏதாவது ஒரு குழுவில் சேரட்டும். ஒருவன் குண்டு, ஒருவன் கடிகாரம், ஒருவன் எண்ணிக்கையும் எழுத்தும். நீளம் மாறும்போது வேலையும் மாறட்டும். பேனாவால் மட்டும் எழுதட்டும், பென்சிலும் அழிப்பானும் வேண்டாம். தப்பாகத் தோன்றும் ரீடிங்கை ஒரு கோடு போட்டு அடிக்கலாம், ஆனால் படிக்கும்படி இருக்க வேண்டும், பக்கத்தில் காரணமும் வேண்டும். மதிப்பெண் போடும்போது முதலில் அந்தக் காரணத்தைப் படியுங்கள்.