முதல் விளையாட்டு: ஒரு குதியிலிருந்து தொடங்குங்கள்

பழைய பாணியில் சிறு வீடியோ விளையாட்டு ஒன்றைப் பொழுதுபோக்காகச் செய்யத் தொடங்கியவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

எனக்கு 46 வயது. நிரல் எழுதிப் பழக்கமே இல்லை. எதில் தொடங்கலாம் ஐயா?

நிரலே வேண்டாம் என்றால் ஜிபி ஸ்டூடியோ என்ற மென்பொருள். இலவசம். அதில் செய்தது 160-க்கு 144 பிக்சலில் (திரைப் புள்ளிகளில்), நான்கே சாயல்களில், கேம் பாய் என்ற பழைய கைவிளையாட்டுக் கருவியிலும் ஓடும். நிரல் கற்கும் ஆசை இருந்தால் பிகோ-8 என்ற மென்பொருள். 128-க்கு 128 பிக்சல் திரை, 16 நிறங்கள், லுவா என்ற நிரல்மொழி. படம் வரையவும் ஒலி அமைக்கவும் வேண்டியதெல்லாம் உள்ளேயே இருக்கிறது. அதை விலைக்கு வாங்க வேண்டும். பணம் செலவழிக்க வேண்டாம் என்றால், அதே வகையில் டிக்-80 இலவசமாகக் கிடைக்கிறது. உங்களுக்கு நான் சொல்வது நிரல் கற்கும் இரண்டாவது வழி. வயதை நினைத்துத் தயங்காதீர்கள்.

பன்னிரண்டு நிலைகள், மூன்று அரக்கர்கள், முழுக்கதை எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன் அண்ணா. எதை முதலில் செய்வது?

நோட்டைப் பத்திரமாக எடுத்து வை, தம்பி. இப்போதைக்கு ஓர் அறை, ஓர் ஆள், ஒரு குதி. அவ்வளவுதான். 1972-இல் வந்த பாங் விளையாட்டே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆலன் ஆல்கார்னுக்குப் பயிற்சிக்காகக் கொடுக்கப்பட்டதுதான். இரண்டு மட்டை, ஒரு பந்து. ஓர் அறையை முடித்தவன் இரண்டாவதைக் கட்டிவிடுவான்; பன்னிரண்டையும் ஒன்றாகத் தொட்டவர்கள் பாதியில் நிறுத்தியதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என் ஆள் குதித்தால் பலூன் போல மிதக்கிறான். விளிம்பில் பலமுறை குதிக்காமலே விழுந்துவிடுகிறான். ஏன்?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். குதி சரியாக அமைந்துவிட்டால் வெறும் தரைகூட விளையாடத் தூண்டும்.

திரை ஒருமுறை வரையப்படுவது ஒரு ஃபிரேம். மேல்நோக்கிய வேகத்தை ஃபிரேமுக்கு 3 பிக்சல் என்று வையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் அதிலிருந்து 0.25 குறையட்டும். ஏறுவதற்கு 12 ஃபிரேம்; நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் அது 0.4 நொடி. உயரம் ஏறத்தாழ எட்டு பிக்சல் கட்டம் இரண்டு. இறங்கும்போது அந்த 0.25-ஐ 0.4 ஆக்கிப் பாருங்கள், மிதப்பு போய்விடும். ஏறும்போதே பொத்தானை விட்டுவிட்டால் வேகத்தைப் பாதியாக்குங்கள். லேசாகத் தட்டினால் சிறு குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி.

விளிம்பில் விழுவது விளையாடுபவர் பிழையன்று. அவர் கண்ணுக்குக் கால் இன்னும் தரையில் இருக்கிறது, உங்கள் கணக்கில் ஒரு பிக்சல் தாண்டிவிட்டது. தரையை விட்ட பிறகும் நான்கு ஃபிரேம் வரை குதிக்க அனுமதியுங்கள். யாரும் அதைக் கவனிக்கமாட்டார்கள். ஆனால் விளையாட்டு நியாயமாக நடக்கிறது என்று உணர்வார்கள்.

எனக்குப் படம் வரைய வராது.

எட்டுக்கு எட்டு கட்டத்தில் இருப்பது 64 புள்ளிகள். கோலம் போடத் தெரிந்த கைக்கு இது புதிதன்று. முதலில் ஒரே நிறத்தில் நிழலுருவம் வரையுங்கள்; அது யார் என்று தெரிந்த பிறகே மற்ற நிறங்கள். வரைந்ததைத் திரும்பப் பயன்படுத்தவும் கூச்சப்படாதீர்கள். 1985-இன் சூப்பர் மரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே வடிவம்தான், நிறம் மட்டுமே வேறு.

எதிரிகள் குறையக் குறைய விளையாட்டு தானாக வேகமெடுக்கிறது. இது பிழைதானே?

வேகத்தை நேரக் கணக்கோடு கட்டாமல் விட்டிருப்பீர்கள், அதைச் சரிசெய்யலாம். அதற்கு முன் ஒருமுறை விளையாடிப் பாருங்கள். 1978-இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸிலும் இதுவே நடந்தது. வரைய வேண்டிய எதிரிகள் குறைந்ததும் எஞ்சியவை விரைந்தன. அந்தப் படபடப்பு பிடித்துப்போய், அதை உருவாக்கிய நிஷிகாடோ அதை அப்படியே வைத்துக்கொண்டார்.

தமிழில் எழுத்துகள் காட்ட முடியுமா? 247 எழுத்தையும் நானே வரைய வேண்டுமா?

வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18. உகர, ஊகார வரிசைகளில் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவதால் அந்த 36-ஐயும் தனித்தனியே வரைய வேண்டும். புள்ளி, கால், கொம்பு போன்றவற்றைத் தனித் துண்டுகளாக வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து 80 வடிவங்களுக்குள் அடங்கும். ‘ப’, ‘ட’ எட்டு பிக்சல் அகலத்தில் உட்காரும். ‘ண’ நெரியும், அதற்கு 12 கொடுங்கள். நான் முதலில் ‘வெற்றி’ என்ற ஒரு சொல்லுக்கு வேண்டியதை மட்டும் வரைந்தேன். நீங்களும் உங்கள் விளையாட்டில் வரும் சொற்களுக்கு மட்டும் வரைந்து தொடங்குங்கள்.