டெக்சாஸ் பண்ணை வீடும் ரம்பமும்: கேள்வி பதில்

டோபி ஹூப்பரின் ‘தி டெக்சாஸ் செயின் சா மாசக்கர்’ (1974) பற்றி மட்டும் கேளுங்கள். வேனில் போகும் ஐந்து இளைஞர்கள் ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டில் கொலைகாரக் குடும்பத்திடம் சிக்கும் படம்.

உண்மைக் கதையா?

இல்லை. விஸ்கான்சினில் 1957இல் கைதான எட் கீன், கல்லறைகளைத் தோண்டி, பிணங்களின் தோலில் முகமூடி செய்து வைத்திருந்தவர். படம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது முகமூடியையும் எலும்புச் சாமான்களையும்தான். ரம்பம், குடும்பம், டெக்சாஸ் எல்லாம் கற்பனை. சம்பவம் நடந்த நாள் 1973 ஆகஸ்ட் 18 என்று படம் சொல்கிறது. படப்பிடிப்பே அந்தக் கோடையில்தான் நடந்தது!

ரத்தம் பார்த்தால் எனக்கு மயக்கம் வரும். பார்க்கலாமா?

ரத்தம் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு பெண்ணை இறைச்சிக் கொக்கியில் மாட்டும்போது, அது முதுகில் இறங்குவதைக்கூடக் கேமரா காட்டாது. ஆனால் பயம் அதிகம். தயவுசெய்து கொலைக் காட்சிகளை மட்டும் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள். முதல் அரை மணி நேரத்தில் ஒரு கொலையும் கிடையாது, வெயிலும் புழுக்கமும்தான். அதைத் தாண்டினால்தான் அந்த வீட்டுக் கதவு திறக்கும்போது வயிற்றைப் பிசையும்.

அந்தக் குடும்பம் ஏன் அப்படி ஆனது?

எனக்குப் பிடித்த கேள்வி. வேனில் ஏறும் வழிப்போக்கன் பேசுவதைக் கவனியுங்கள். அவனும் அந்தக் கொலைகாரக் குடும்பத்தவன்தான். குடும்பமே மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தது. சம்மட்டியால் அடித்துக் கொன்ற இடத்தில் காற்றுத் துப்பாக்கி வந்ததும் ஆட்களுக்கு வேலை போனது என்கிறான். தெரிந்த ஒரே தொழிலை இப்போது மனிதர்கள்மேல் செய்கிறார்கள். மூத்தவர் பெட்ரோல் நிலையம் நடத்துகிறார், அங்கே பெட்ரோல் இல்லை. இளைஞர்களில் ஒருத்தியான சாலியைக் கட்டித் தூக்கிப்போகும் அவசரத்திலும் திரும்பிப் போய் விளக்கை அணைக்கிறார், கரண்ட் செலவாம்! இந்தப் படத்தின் உயிரே இதுதான்.

வேலை போனால் ஆளை வெட்டலாமா? கொலைகாரர்களுக்குப் பரிந்து பேசுகிறீர்களே.

பரிந்து பேசவில்லை. சாப்பாட்டு மேசைக் காட்சியில் சாலியின் கண்களுக்கு எவ்வளவு நெருக்கமாகக் கேமரா போகிறது! படம் முழுக்க அவள் பக்கம்தான். ஆனால் எதிரே இருப்பவர்கள் பேய்கள் இல்லை, ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் ஒரு வீட்டு மனிதர்கள். அதனால்தான் பயம் கூடுகிறது.

இதெல்லாம் நீங்களாக ஏற்றிச் சொல்லும் அரசியல்.

வசனத்திலேயே இருக்கிறது ஐயா. கொல்வதில் எனக்குச் சந்தோஷம் இல்லை என்று அந்த மூத்தவரே சொல்கிறார். காற்றுத் துப்பாக்கிப் பேச்சும் நான் எழுதியதல்ல. இன்னொரு முறை பாருங்கள், அப்புறம் வாதாடலாம்.

நிஜமாக நடந்தது என்கிறார்களே?

முதல் பதில்.

மேசைக் காட்சியில் நடிகர்கள் உண்மையிலேயே கஷ்டப்பட்டார்களா?

ஆமாம். ஒரு நாளுக்கும் மேலாக இடைவிடாமல் எடுத்தார்கள். ஜன்னல்களை மூடியிருந்தார்கள், இறைச்சி நாறியது. போலி ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டதால் முகமூடிக் கொலைகாரனாக நடித்த குன்னர் ஹான்சன், சாலியாக நடித்த மரிலின் பர்ன்ஸின் விரலை நிஜமாகவே கீறினார். படம் நன்றாக வந்தது என்பதற்காக அதை நான் பாராட்ட மாட்டேன்.

படம் எடுத்த அந்த வீடு இப்போதும் இருக்கிறதா?

இருக்கிறது. டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊர் அருகே இருந்ததை 1998இல் அதே மாநிலத்தின் கிங்ஸ்லேண்டுக்குக் கொண்டுபோனார்கள். உணவகமாகிவிட்டது.

2003இல் இதையே மறுபடி எடுத்த படம்?

இரண்டுக்கும் ஒளிப்பதிவு டேனியல் பேர்ல்தான். முதலில் 1974, முழுதாக. துண்டு வேண்டாம்.

பத்து வயதுப் பையனோடு பார்க்கலாமா?

கூடாது.