சீனி வருத்தப் பிள்ளையைத் தனியா வளர்க்கிறவங்க கேட்டதும் நான் சொன்னதும்

மகனுக்கு ஏழு வயசுல டைப் 1 நீரிழிவு வந்துச்சு, அதாவது உடம்புல இன்சுலின் சுரக்காத சீனி வருத்தம். இப்ப 21. அவங்கப்பா இல்லாம, இலங்கை மலையகத்துல தேயிலைக் கொழுந்து பறிச்சுக்கிட்டே வளர்த்தேன். நான் டொக்டர் இல்ல. எத்தனை யூனிட் இன்சுலின் போடணும்னு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க, மத்ததைக் கேளுங்க.

லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) ஃப்ரிட்ஜ் இல்லக்கா. இன்சுலினை எங்க வைக்கிறது? (தலவாக்கலை)

திறந்த போத்தல் சாதாரணமா 28 நாள் வெளிய இருக்கலாம், நம்ம குளிருக்குப் பயமில்ல. அடுப்புப் பக்கமும் தகரத்துக்குக் கீழயும் வைக்காதீங்க. திறந்த தேதியைப் போத்தல்லயே எழுதுங்க. திறக்காததுக்கு 2 முதல் 8 பாகை வரை வேணும், அதனால யாராவது ஃப்ரிட்ஜ் உள்ளவங்ககிட்ட குடுத்து வைங்க. ஆனா ஐஸ் பெட்டிக்குக் கிட்ட வைக்க வேணாம்னு சொல்லிக் குடுங்க. நான் ஒரு கடையில குடுத்து வச்சது உறைஞ்சு, திரும்ப இளகி வந்திருக்கு. பார்க்க ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டு நாளா ஊசி போட்டும் சீனி 400க்குக் கீழ இறங்கல. உறைஞ்சதுன்னு சந்தேகம் வந்தாலே வீசிடுங்க.

மனைவி தவறிட்டா, மகளுக்கு 9 வயசு. காய்ச்சல்ல சாப்பிட மாட்டேங்குறா. ஊசியை விட்டுடலாமா? (பண்டாரவளை)

விடாதீங்க தம்பி. சாப்பாடு இறங்காட்டியும் காய்ச்சலே சீனியை ஏத்தும். இன்சுலின் இல்லாட்டி உடம்பு கொழுப்பை எரிக்கும், ரத்தத்துல அமிலம் ஏறும். வாந்தி, வயித்துவலி, பெருமூச்சு, வாயில பழ வாசம் வந்தா அதுதான். அப்ப வீட்டுல வச்சுப் பார்க்காம 1990க்கு அடிங்க, சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாம வரும். அளவைக் கூட்டவா குறைக்கவான்னு வாட்டுல கேளுங்க. மூணு நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா சீனி பாருங்க, தண்ணி குடிக்க வைங்க.

என் மகனுக்கு இப்படி வந்தப்ப ஒரு இடத்துல வயித்துப்பூச்சி மருந்து குடுத்து அனுப்பினாங்க. லயத்துல காத்து கருப்புன்னாங்க. மறுநாள் அவன் கண்ணைத் திறக்கல.

பாகற்காய்ச் சாறு குடுத்தா ஊசியை நிறுத்தலாம்னு சொல்றாங்களே? (ஹட்டன்)

1922 ஜனவரியில டொரொண்டோவுல 14 வயசுப் பையனுக்குத்தான் முதல்ல இன்சுலின் போட்டாங்க. அதுக்கு முன்னால இது வந்த பிள்ளைங்க கொஞ்ச நாள்லயே போயிடுவாங்க. நம்ம ஊர்ல பாகற்காயும் கசாயமும் அப்பவும் இருந்துச்சு, ஒரு பிள்ளையைக்கூடக் காப்பாத்தல. கறியா ஆக்கிக் குடுங்க, ஊசியை நிறுத்தாதீங்க.

கொய்யா இலை? (நுவரெலியா)

மேல சொன்னதுதான்.

தாயத்து? (வெலிமடை)

கட்டுங்க. ஊசியும் போடுங்க.

மகனுக்கு 6 வயசு. சீனி பார்க்கிற ஸ்ட்ரிப் வாங்கக்கூடக் காசில்ல. அம்மாகிட்ட விட்டுட்டு குவைத் போகலாமா? (மஸ்கெலியா)

இதுக்குக் கீழ பெரிய சண்டையே நடந்துடுச்சு. "பெத்தவ போனா அந்தப் பிள்ளை தங்காது"ன்னு ஒரு அக்கா. "இருந்து பட்டினி போட்டா மட்டும் தங்குமா"ன்னு இன்னொருத்தர். போனவங்களை ஏசாதீங்க, தயவுசெஞ்சு. இன்சுலினை அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மா குடுப்பாங்க, ஸ்ட்ரிப்பை நான் கடையிலதான் வாங்கினேன். அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

ஆனா தங்கச்சி, ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை சீனி இறங்கி வேர்த்து நடுங்கினா உங்கம்மாவுக்கு என்ன செய்யணும்னு தெரியுமா? ஒரு மாசம் நீங்க பக்கத்துல வாயைத் திறக்காம உக்காருங்க, அவங்களே பார்க்கட்டும், போடட்டும். முடியலன்னா போகாதீங்க.

போகாட்டியும் அவங்களுக்குப் பழக்குங்க. ஒரு மழைநாள் மலைச்சரிவுல வழுக்கி என் கால் உடைஞ்சு, அஞ்சு நாள் வாட்டுல கிடந்தேன். அடுத்த காம்பராப் பிள்ளைக்கு அதுக்கு முன்னமே தோடம்பழத்துல தண்ணி ஏத்தி ஊசி பழக்கியிருந்தேன். அவதான் அந்த அஞ்சு நாளும் என் மகனுக்குப் போட்டா. ஊசி போடத் தெரிஞ்சவங்க நாம மட்டும்னா அது பிள்ளைக்கு ஆபத்து.

பள்ளிக்கூடத்துல மயங்கினா? (ராகலை)

மயங்குறதுக்கு முன்னால பிடிக்கணும். ரத்தத்துல சீனி 70க்குக் கீழ போனா மூணு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில கரைச்சுக் குடுத்து, 15 நிமிசத்துல திரும்பப் பார்க்கணும். நினைவில்லாட்டி வாயில எதுவும் ஊத்தக்கூடாது. பக்கவாட்டுல படுக்க வச்சு 1990. இதைக் கடதாசியில எழுதி வகுப்பு டீச்சர் கையில குடுங்க. மேடு ஏறி வீட்டுக்கு வர்ற பிள்ளைன்னா கிளம்ப முன்னால ரெண்டு பிஸ்கட் சாப்பிடட்டும்.

எத்தனை யூனிட் போடணும்? (நாவலப்பிட்டி)

கிளினிக்ல கேளுங்க.

வாந்தி, சாப்பிடல. இன்னைக்கு மட்டும் ஊசி வேணாமா? (பசறை)

வேணும். இது மூணாவது ஆள் கேக்குறது. வாந்தின்னா இப்பவே கூட்டிட்டுப் போங்க, இங்க எழுதிக்கிட்டு இருக்காதீங்க.

அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுக்கா. (மஸ்கெலியா, திரும்பவும்)

சிரிஞ்சுல எந்தக் கோடு வரைக்கும்னு பேனையால தடிப்பாக் குறிச்சு வைங்க, காலைக்கு ஒரு நிறம், ராவைக்கு ஒரு நிறம். கிளினிக்ல அளவு மாத்தினா அன்னைக்கே பழைய சிரிஞ்சு எல்லாத்தையும் எடுத்துடுங்க. போத்தல்ல மருந்தோட வலு 100னு இருந்தா சிரிஞ்சுலயும் 100னு இருக்கணும், அதை நீங்களே பார்த்து வாங்குங்க. நாளைக்குக் காலையில அம்மா கையில ஒரு தோடம்பழத்தைக் குடுங்க.